விளாங்குறிச்சி மரச்செக்கு: கூலிக்கு ஆட்டப் போகிறவர்களுக்கு

2011-ல் கோவை மாநகராட்சியோடு விளாங்குறிச்சி சேர்ந்த பிறகு, காடு தோட்டமெல்லாம் சைட்டாகி, சைட்டெல்லாம் அப்பார்ட்மென்ட் ஆகிவிட்டது. பழைய ஊர்த் தெருவில் இன்னும் உருப்படியாக ஓடுவது கூலிக்கு ஆட்டித் தரும் வாகை மரச் செக்குதான். மாட்டுக்குப் பதில் மோட்டார். சுற்றுவது மெதுவாகத்தான், எண்ணெய் சூடேறுவதில்லை.

ஓர் ஆட்டுக்கு, அதாவது ஒரு தடவை ஆட்ட, குறைந்தது 15 கிலோ கொண்டுபோங்கள். அதற்குக் கீழே போனால் உலக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது. நன்றாகக் காய்ந்த கடலைக்காய்ப் பருப்பு 15 கிலோவுக்கு ஆறு லிட்டர் முன்னப்பின்ன இறங்கும். அஞ்சுகூட வரவில்லையென்றால் செக்குக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் பருப்பில் ஈரம் இருந்திருக்கும், இல்லையேல் முற்றாத காய். பூஞ்சை பிடித்ததைக் கட்டாயம் பொறுக்கி எறியணும். எண்ணெய் கசப்பது ஒருபுறம், அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் நஞ்சு இறங்கும்.

எள் ஆட்டுவதானால் அதோடு சேர்க்கும் கருப்பட்டியை நீங்களே வாங்கிப் போங்கள், பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ போதும். செக்கில் அவர்கள் போடுவது வெல்லமா கருப்பட்டியா என்று அந்த நேரத்தில் யார் பார்ப்பது?

தேங்காய் எண்ணெயில்தான் இங்கே குறை. எள் ஆட்டிய கையோடு கொப்பரையைக் கொட்டிவிடுகிறார்கள். உரலில் ஊறிய நல்லெண்ணெய் வாசம் தலைக்குத் தேய்க்கும்வரை வரும். காலையில் முதல் ஆட்டாகக் கேளுங்கள், அல்லது கொப்பரை மட்டும் ஓடும் நாளில் போங்கள். காங்கயம் பக்கத்துக் கொப்பரை எளிதாகக் கிடைக்கும். ஆனால் பளீரென்று வெள்ளையாக இருந்தால் கந்தகப் புகை போட்டதா என்று மோந்து பார்த்து வாங்குங்கள்.

புண்ணாக்கு விஷயத்தில் அப்பார்ட்மென்ட்காரர்கள் ஏமாளிகள். வீட்டில் மாடு இல்லை என்று சும்மா விட்டுவிட்டு, முழுக்கூலியும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 15 கிலோ பருப்பில் எட்டு ஒன்பது கிலோ கடலைப் புண்ணாக்கு நிற்கும். அதற்கு நல்ல விலை உண்டு. ஆட்டுவதற்கு முன்பே பேசிக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார்கள்.

எண்ணெய்க்கு எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் வாயை வெள்ளைத் துணியால் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளணும். கசடோடு வாணலியில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துப் போகாதீர்கள், அந்தத் தெருவில் திருப்ப இடமில்லை.