நிப்பிளே இல்லாத காருக்குக் கிறீஸ் அடித்த கணக்கு

கிளிநொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறிய ஜப்பானியக் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாக வாசியுங்கள். கடந்த மாரிக்குச் சற்று முன்னர், ஏ9 வீதியோரத்திலுள்ள ஒரு சேர்விஸ் நிலையத்தில் 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பான எனது காரை ஒயில் மாற்றுவதற்காக விட்டிருந்தேன். பற்றுச்சீட்டில் ஒயில், பில்டர், கழுவல் ஆகியவற்றுக்குக் கீழே "முன் சஸ்பென்ஷன் கிறீஸ் – 2,500 ரூபாய்" என்று ஒரு தனி வரி இருந்தது. "வடிவா அடிச்சிருக்கு அண்ணை, இனி ஆறு மாசத்துக்குப் பயமில்லை" என்று அங்கு வேலை செய்த தம்பி சொன்னார். ஒரு கேள்வியும் கேட்காமல் பணத்தைக் கொடுத்தேன்.

கேட்காமல் கொடுத்ததற்குக் காரணம் நான் வளர்ந்த வீடு. அப்பா வைத்திருந்தது ஒரு மொறிஸ் மைனர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களுள் அதுவும் ஒன்று. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்தக் காரில், முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நிலைக்கம்பியின் மேல் முனையும் கீழ் முனையும் புரி வெட்டப்பட்டவை. உலோகம் உலோகத்தோடு உரசித் திரும்பும் அந்த இடத்தில் கிறீஸ் வற்றினால் புரி தேயும், தேய்மானம் முற்றினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே புரி கழன்று, சக்கரம் உள்ளே மடிந்து, கார் வீதியில் குந்திவிடும். அதனால் அப்பா ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை ஜக் வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துவார். சக்கரம் தரையில் நின்று பாரத்தைத் தாங்கினால் அழுத்தப்பட்ட பக்கத்துக்குக் கிறீஸ் போய்ச் சேராது என்பது அவருடைய கணக்கு. அது சரியான கணக்கு. கிறீஸை உள்ளே ஏற்றும் சிறிய உலோக வாயான நிப்பிளில் ஒட்டியிருக்கும் மண்ணைப் பழந்துணியால் துடைத்துவிட்டு, பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கி வெளியேறி அதன் பின்னால் புது மஞ்சள் தெரியும்வரை கிறீஸ் கன்னை அடிப்பார். கிறீஸ்தான் காரின் ஆயுள் என்ற எண்ணம் எனக்குள் அப்படித்தான் வேரூன்றியது. அந்த எண்ணத்துக்குத்தான் 2,500 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

நான்கு மாதங்களின் பின்னர், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைப்பதற்காக வேகத்தைக் குறைத்து ஓரத்து மண்ணில் இறங்கியபோது, முன் இடது சக்கரத்தில் "டக், டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நாள் வவுனியாவில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணையிடம் காரைக் காட்டினேன். அவர் சக்கரத்தைக் கழற்றி, சக்கரம் திரும்ப இடம் கொடுக்கும் குண்டு மூட்டான போல் ஜொயின்ற்றை மூடியிருக்கும் றப்பர் உறையில் விளக்கைப் பிடித்து, ஒரு இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தையல் ஊசி ஏற்றியதுபோல ஒரு துளை இருந்தது. அதிலிருந்து உறை அரை விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அவர் உறையை இரண்டு விரல்களால் அழுத்தியபோது கிறீஸ் வரவில்லை. செங்கபில நிறத்தில், கிறவல் மண்ணும் துருவும் கலந்த சேறுதான் வழிந்தது. வலது பக்கத்திலும் அதே துளை இருந்தது.

அவர் விளக்கிய பின்னர்தான் நடந்தது புரிந்தது. என் காரைப் போன்ற இக்காலக் கார்களில் போல் ஜொயின்ற், பிளாஸ்ரிக் கிண்ணம் ஒன்றுக்குள் உருளும் மினுக்கிய உருக்குக் குண்டு. தொழிற்சாலையிலேயே கிறீஸ் வைத்து, றப்பர் உறையால் இறுக மூடிவிடுகிறார்கள். அதில் நிப்பிள் கிடையாது. அதன் ஆயுள் முழுவதும் அந்த உறை கிழியாமல் இருப்பதில்தான் தங்கியிருக்கிறது. கிறீஸ் அடிக்க வழியில்லாத இடத்தில், கன்னுக்கு ஊசி முனை பூட்டி, உறையைக் குத்திக் கிறீஸை ஏற்றியிருக்கிறார்கள். மாரி வெள்ளத்துக்கும், கோடையில் உள் வீதிகளில் கிளம்பும் செம்புழுதிக்கும் அந்தத் துளை போதுமானது. இந்தக் குண்டு கழன்றாலும் மொறிஸ் மைனருக்கு நேர்வதுதான் நேரும், அதுவும் ஏ9 வீதியில் இன்று நாம் ஓடும் வேகத்தில். வீட்டில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கார் அது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

அத்தோடு, சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோவர் ஆமின் றப்பர் புஷ்களிலும் கிறீஸைப் பூசி விட்டிருந்தார்கள். அந்த றப்பர் உரசுவதில்லை. உலோகக் குழாயோடு ஒட்டியபடி முறுகி முறுகி மீளுவது. சாதாரணக் கிறீஸிலுள்ள எண்ணெய் றப்பரை ஊதச் செய்து மென்மையாக்கிவிடும், அதன்மேல் புழுதியும் ஒட்டிக்கொள்ளும்.

என் காரில் போல் ஜொயின்ற் லோவர் ஆமோடு சேர்ந்தே வருவதால், இரண்டு பக்கமும் ஆமையே மாற்றி, சக்கரங்களை அலைன்மென்ற் பார்ப்பதற்கு 58,000 ரூபாய் முடிந்தது. 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் நம்மில் பலர் பழைய காரையே பழுது பார்த்து ஓட்டி வந்தோம். இப்படி ஒரு வீண்செலவு எவ்வளவு வலிக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கிறீஸ் அடிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வயலில் சேற்றுக்குள் இறங்கும் உழவு இயந்திரத்தின் முன் அச்சுக்கு அது கட்டாயம் வேண்டும். பல பிக்கப் வாகனங்களில் எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் புறொப்பல்லர் சாப்ற்றிலும் நிப்பிள் இருக்கிறது. மொறிஸ் மைனரோ பழைய ஒஸ்ரின் ஏ40 காரோ இன்னும் வைத்திருப்பவர்கள் கிறீஸை நிறுத்தவே கூடாது. உங்கள் கார் புதியதென்றால், "நிப்பிள் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று காரடியில் நின்று கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்த வேலையைச் செய்ய விடாதீர்கள். அதற்குப் பதிலாக, கழுவிய பின் றப்பர் உறைகளில் வெடிப்போ கிழிசலோ இருக்கிறதா என்று விளக்குப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கழற்றிய ஆம்களை எடுத்துக்கொண்டு அந்த நிலையத்துக்குப் போனேன். உரிமையாளர் துளையைப் பார்த்தார், மறுக்கவில்லை. "ஊசியாலை ஏத்தினாத்தான் உள்ளை போகும், எல்லாருக்கும் இப்பிடித்தானே செய்யிறம்" என்று சொல்லி 2,500 ரூபாயை மட்டும் திருப்பித் தந்தார். எல்லாருக்கும் என்று அவர் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் சேர்விஸ் செய்தவர்கள் முன் சக்கரங்களின் உள்பக்கத்தை உடனே பாருங்கள்.