விளம்பரக் கணக்கு யார் பெயரில்? மூன்று வழிகள், ஓர் அலசல்

போன வருடம் ஆன்லைனில் தையல் வகுப்பு நடத்தும் ஒரு அக்கா என்னிடம் வந்தார். இரண்டு வருடமாக அவருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓட்டிய ஏஜென்சியோடு ஒப்பந்தம் முடிந்திருந்தது. "தம்பி, நம்ம அக்கவுண்ட மட்டும் வாங்கிக் குடுத்துடுப்பா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் அவருடைய பிசினஸ் செட்டிங்ஸைத் திறந்து விளம்பரக் கணக்குகள் பகுதிக்குப் போனோம். காலியாக இருந்தது. அவர் பணத்தில் ஓடிய கணக்கு முதல் நாளிலிருந்தே ஏஜென்சியின் பெயரில் இருந்திருக்கிறது. எந்த வீடியோவைப் பார்த்து ஆட்கள் சேர்ந்தார்கள், எந்த வயதினர் பணம் கட்டினார்கள், வகுப்புப் பக்கம்வரை வந்துவிட்டுத் திரும்பியவர்கள் யார் யார் என்று இரண்டு வருடத்தில் சேர்ந்ததெல்லாம் அங்கேயே தங்கிவிட்டது.

அதிலிருந்து, யார் விளம்பரம் பற்றிக் கேட்டு வந்தாலும் பட்ஜெட், டிசைன் பேச்சுக்கு முன்னால் கணக்கு யார் பெயரில் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. சொந்த புரொஃபைலோடு வரும் கணக்கிலேயே பூஸ்ட் செய்வது, அதாவது பணம் கட்டிப் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டுவது, ஒன்று. ஏஜென்சியின் கணக்கில் ஓட்டுவது இன்னொன்று. தொழிலின் பெயரில் ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ (தொழிலின் பேஜ், விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் மெட்டாவில் ஒன்றாக வைக்கும் இடம்) திறந்து, வேலை செய்கிறவர்களுக்கு அணுகல் மட்டும் கொடுப்பது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் முதல் இரண்டையும் ஆட்கள் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது.

சொந்தக் கணக்கும் பூஸ்ட் பட்டனும்

தொடங்குவதற்கு இதைவிட எளிது எதுவும் இல்லை. பதிவுக்குக் கீழே பட்டன், எத்தனை நாள், எவ்வளவு பணம், கார்டு. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஆள் நடத்தும் தொழில், மாதத்துக்கு இரண்டு மூன்று பதிவுகளைக் கூடுதலாகச் சிலர் பார்த்தால் போதும் என்றால் இதற்கு மேல் எதையும் திறக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஐபோனில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆப்புக்குள்ளிருந்து பூஸ்ட் செய்தால் ஆப்பிள் 30 சதவீதம் சேவைக் கட்டணம் எடுக்கிறது என்று 2024 பிப்ரவரியில் மெட்டாவே அறிவித்தது. அதே பூஸ்ட்டைப் பிரவுசரில் உள்ளே போய்ச் செய்தால் அந்தக் கட்டணம் இல்லை என்றும் சொன்னது. சிறிய பட்ஜெட்டில் 30 சதவீதம் என்பது பெரிய தொகை. ஆப்பில் பூஸ்ட் போடுகிறவர்கள் பணம் கட்டும் திரையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

சிக்கல் வருவது இரண்டாவது ஆள் உள்ளே வரும்போது. இந்தக் கணக்கு உங்கள் தனிப்பட்ட புரொஃபைலோடு ஒட்டிக்கொண்டிருப்பது. உதவிக்கு வருகிறவருக்குப் பாஸ்வேர்டையே கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அவர் வேறு ஊரிலிருந்து, வேறு கருவியிலிருந்து உள்ளே நுழைவார். யாரோ திருடுகிறார்கள் என்று நினைத்து ஃபேஸ்புக் பூட்டிவிடும். ஓடிபி உங்கள் போனுக்கு வரும், அவர் உங்களைக் கூப்பிடுவார், நீங்கள் வேறு வேலையில் இருப்பீர்கள். இதைக்கூடச் சமாளித்துவிடலாம். புரொஃபைலே முடக்கப்பட்டால் விளம்பரமும் அதோடு நின்றுவிடும் என்பதைத்தான் சமாளிக்க வழியில்லை. உங்கள் குடும்பப் படங்களும் தொழிலும் ஒரே பூட்டுக்குப் பின்னால் இருக்கின்றன.

ஏஜென்சியின் கணக்கு

இதற்கு ஒரு உண்மையான பலம் உண்டு. புதிதாகத் திறந்த கணக்கில் ஆரம்பத்தில் செலவு வரம்பு குறைவாக இருக்கும். பணம் கழியும் தவணையும் சின்னதாக இருப்பதால் கார்டில் அடிக்கடி கை வைக்கும். ஏஜென்சியின் கணக்கோ பல வருடம் ஒழுங்காகப் பணம் கட்டி வந்தது. இன்று பேசினால் இன்றே விளம்பரம் ஓடும். பத்து நாளில் முடியப்போகும் ஒரு நிகழ்ச்சிக்கு அவசரமாக டிக்கெட் விற்க வேண்டும் என்றால் நானே இதைத்தான் சொல்வேன்.

பத்து நாளைத் தாண்டினால் நிலைமை மாறிவிடுகிறது. மெட்டாவில் ஒரு விளம்பரக் கணக்கு ஒரே ஒரு போர்ட்ஃபோலியோவுக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். அங்கே ஒருமுறை சேர்ந்துவிட்டால் வேறு போர்ட்ஃபோலியோவுக்குப் பெயர் மாற்ற முடியாது. ஏஜென்சி நல்ல மனதோடு இருந்தாலும் பார்ட்னராக அணுகல்தான் தர முடியும், உரிமையைத் தர முடியாது. அக்காவுக்கு அந்த அணுகலும் கிடைக்கவில்லை. ஏஜென்சியிடமிருந்து பதிலே வரவில்லை.

பிக்சலும், அதாவது இணையதளத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்று குறித்துவைக்கும் சின்ன நிரலும், அவர்களுடையது என்பதுதான் அடுத்த அடி. இணையதளத்துக்கு வந்து போனவர்களை 180 நாள் வரை நினைவில் வைத்து மறுபடி விளம்பரம் காட்டலாம். அந்த நினைவு பிக்சலில் இருக்கிறது. புதுப் பிக்சல் வைத்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இன்னொன்று, செலவு. கணக்கு உங்கள் கண்ணில் படாதபோது ஃபேஸ்புக்குக்குப் போனது எவ்வளவு, ஏஜென்சியின் கூலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. அவர்கள் அனுப்பும் அறிக்கையை நம்ப வேண்டியதுதான். நேர்மையான ஏஜென்சிகள் நிறையவே இருக்கின்றன. ஆனால் நேர்மையானவர்களுக்கும் கணக்கை உங்களுக்குத் திறந்து காட்டுவதில் நஷ்டம் எதுவும் இல்லையே.

சொந்தப் போர்ட்ஃபோலியோ, பார்ட்னருக்கு அணுகல்

2014-ல் பிசினஸ் மேனேஜர் என்ற பெயரில் வந்தது, இப்போது பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். பெயர் பயமுறுத்தும். உள்ளே இருப்பது ஒரு சாவிக்கொத்து, அவ்வளவுதான். பேஜ், இன்ஸ்டாகிராம், விளம்பரக் கணக்கு, பிக்சல், வாட்ஸ்அப் எண் எல்லாம் ஒரே வளையத்தில். யாருக்கு எந்தச் சாவி என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

ஏஜென்சி வந்தால் அவர்களுடைய பிசினஸ் ஐடியை மட்டும் கேளுங்கள். வெறும் எண், அதைத் தருவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. பார்ட்னர்கள் பகுதியில் அந்த எண்ணைப் போட்டு, எந்தெந்தச் சொத்துக்கு எவ்வளவு அணுகல் என்று டிக் செய்துவிட்டால் முடிந்தது. விளம்பரக் கணக்குக்குப் பார்வையிட மட்டும், கேம்பெய்ன் நடத்த, முழுக் கட்டுப்பாடு என்று படிகள் இருக்கின்றன. விளம்பரம் ஓட்ட இரண்டாவது படி போதும். முழுக் கட்டுப்பாடு கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். காரணம் சரியாக இருந்தால் கொடுக்கலாம், கேட்காமல் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த அன்று பார்ட்னரை நீக்கிவிட்டால் அவர்கள் வெளியே போவார்கள். ஓட்டிய விளம்பரம், அதன் வரலாறு, ஆடியன்ஸ் (விளம்பரம் காட்டச் சேர்த்துவைத்த ஆட்களின் பட்டியல்) எல்லாம் உங்களிடமே இருக்கும்.

இங்கே ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பலர் வழுக்குவது அங்கேதான். கணக்கைச் சேர்க்கும் பட்டனை அழுத்தினால் மூன்று தேர்வுகள் வரும். ஏற்கெனவே உள்ள கணக்கைத் தன்னுடையதாகச் சேர்ப்பது, இன்னொருவர் கணக்குக்கு அணுகல் கேட்பது, புதிதாக ஒன்றைத் திறப்பது. வெளியிலிருந்து வருகிறவர் அழுத்த வேண்டியது இரண்டாவது. அவர் அவசரத்திலோ தெரியாமலோ முதலாவதை அழுத்தினால் உங்களுக்கு ஒரு கோரிக்கை வரும். "ஏதோ அனுமதி கேக்குது, ஓகே குடுத்துடுங்க" என்று போனில் சொல்வார். நீங்களும் கொடுப்பீர்கள். இன்னும் எந்தப் போர்ட்ஃபோலியோவிலும் சேராத உங்கள் சொந்தக் கணக்கு அந்த ஒரு ஓகேயில் அவருடைய போர்ட்ஃபோலியோவுக்குப் போய்விடும், திரும்பாது. கோரிக்கையில் எழுதியிருப்பது உரிமையா அணுகலா என்று படிக்காமல் ஓகே கொடுக்காதீர்கள்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். அமைப்பதற்கு ஒரு மதியம் முழுக்கப் போகும். நாணயமும் நேர மண்டலமும் கணக்குத் திறக்கும்போதே முடிவாகிவிடும், பிறகு மாற்ற வேண்டுமென்றால் வேறு கணக்குத்தான். அப்புறம், நிர்வாகி நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் முதல் வழியின் அதே ஆபத்து இங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் புரொஃபைல் முடங்கினால் போர்ட்ஃபோலியோவுக்குள் நுழைய ஆளில்லை. அதனால் முழுக் கட்டுப்பாட்டோடு இரண்டாவது ஒருவரை, வீட்டு ஆளோ கூட்டாளியோ, முதல் நாளே சேர்த்துவிடுங்கள். எல்லோருக்கும் டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) கட்டாயம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். கணக்குக்கு மொத்தச் செலவு வரம்பு வைப்பது அரை நிமிட வேலை. யாராவது பட்ஜெட்டில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகத் தட்டிவிட்டாலும் அந்த வரம்பு காப்பாற்றும்.

மற்ற தளங்களில்

யூடியூப் விளம்பரம் கூகுள் ஆட்ஸ் வழியாகப் போகிறது. அங்கே ஏற்பாடு இன்னும் தெளிவு. ஏஜென்சிகள் மேனேஜர் கணக்கு வைத்திருப்பார்கள், பழைய ஆட்கள் இன்னமும் எம்சிசி என்றுதான் சொல்கிறார்கள். உங்கள் கணக்கின் பத்து இலக்க எண்ணைக் கொடுத்தால் இணைப்புக் கோரிக்கை வரும், ஏற்றுக்கொண்டால் அவர்கள் வேலையைத் தொடங்கலாம். இணைப்பைத் துண்டித்தால் கணக்கும் வரலாறும் உங்களிடமே நிற்கும். கணக்கைத் திறப்பது மட்டும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் நடக்க வேண்டும். லிங்க்ட்இன்னில் எனக்குப் பிடித்தது, பில்லிங்குக்குத் தனிப் பொறுப்பு இருப்பது. விளம்பரம் எழுதுகிறவரிடம் கார்டு விவரத்தை ஒப்படைக்கத் தேவையில்லை.

ஒரு கணக்கா, பல கணக்கா

போர்ட்ஃபோலியோ திறந்ததும் அடுத்து எழும் கேள்வி இது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கணக்கு வைத்தால் ஒழுங்காக இருக்கும் என்று தோன்றும். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று மெட்டா பழகிக்கொள்ளும் ஆரம்பக் காலத்தை, அதாவது கற்றல் கட்டத்தைத் தாண்ட ஒரு ஆட் செட்டுக்கு (கேம்பெய்னுக்குள் ஒரே வகை ஆட்களுக்கு ஓடும் விளம்பரத் தொகுப்பு) வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் வேண்டும். விற்பனையோ, பெயர்ப் பதிவோ, நீங்கள் எதைக் கேட்டீர்களோ அது 50. அதே பட்ஜெட்டை மூன்று கணக்குகளுக்குப் பிரித்தால் மூன்றும் அந்த எண்ணைத் தொடாமல் தடுமாறும். ஒரே தொழில், ஒரே நாணயம் என்றால் ஒரு கணக்கு, அதற்குள் தனித்தனி கேம்பெய்ன்கள். நாணயம் வேறு, அல்லது பில்லை வேறு நிறுவனம் கட்டுகிறது என்றால் தனிக் கணக்கு. பெயர் வேறாக இருப்பது மட்டும் போதுமான காரணம் இல்லை.

ஒன்று முடங்கினால் இன்னொன்று கைகொடுக்கும் என்று பாதுகாப்புக்காகச் சிலர் பல கணக்கு வைக்கிறார்கள். அது நடப்பதில்லை. மெட்டா போர்ட்ஃபோலியோவையே, ஆளையே கட்டுப்படுத்த முடியும். தடை விழுந்த பிறகு புதுக் கணக்கில் அதே விளம்பரத்தை ஓட்டுவது தனியாக ஒரு விதிமீறல். தடை தவறு என்று தோன்றினால் மறுபரிசீலனை கேட்டுக் காத்திருப்பதுதான் வழி, எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். பேஜும் இன்ஸ்டாகிராமும் நல்லவேளை அவருடைய பெயரிலேயே இருந்தன. பேஜில் இருந்த வீடியோக்களைப் பார்த்தவர்களை 365 நாள் வரை பின்னோக்கி எடுக்கலாம் என்பதால், புதுக் கணக்கில் அந்தப் பட்டியலையாவது உருவாக்கிக்கொண்டோம். பிக்சல் புதிது. கற்றல் கட்டம் மறுபடி முதலிலிருந்து. முதல் சில வாரங்கள் ஒரு சேர்க்கைக்கு ஆன செலவு பழையதைவிடக் கூடுதலாகத்தான் இருந்தது, அவரும் பொறுத்துக்கொண்டார். இரண்டாவது நிர்வாகியாக அவருடைய மகளைச் சேர்த்தோம்.

இந்த வருடம் வேறொரு ஏஜென்சியோடு பேசப் போனார். நானும் கூட இருந்தேன். அவர்கள் பேக்கேஜ் பட்டியலை எடுத்து நீட்டியபோது, அதை வாங்காமல் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். மொதல்ல உங்க பிசினஸ் ஐடியைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."