"விலை என்ன அக்கா?": 2020 முதல் போனில் கருவாடு விற்ற அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் கேக் அடித்து விற்கிற தங்கச்சி ஒருத்தி போன கிழமை வொய்ஸ் போட்டிருந்தாள். "அக்கா, பேஸ்புக் பேஜ் பார்த்துத் தர மாசம் 25,000 கேக்கிறாங்கள். குடுக்கட்டோ?" பொதி கட்டிக்கொண்டு நின்றதால் பிறகு சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். ஒரு வொய்ஸில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன். வீட்டிலிருந்து சின்னதாக வியாபாரம் செய்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

பேஜ் திறப்பது எப்படி, வட்ஸ்அப் பிசினஸை இறக்குவது எப்படி என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

எங்களுடையது கருவாடு. திருக்கடலூரில் அம்மா காயப்போடுவா, நான் போனைப் பார்ப்பேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது சந்தைக்குப் போக வழியில்லை, வீட்டில் நெத்தலி மட்டும் 40 கிலோ கிடந்தது. சொந்தக்காரருக்கும் தெரிந்தவர்களுக்கும் வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அப்படித்தான் தொடங்கியது.

முதலில் என் தீராத எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். "விலை என்ன?"

ஒரு போஸ்ட் போடுவேன். நெத்தலிக் கருவாடு, 250 கிராம் 450 ரூபா, நகரத்துக்குள் என்றால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம். பத்து நிமிடம் போகாது. முதல் கொமெண்ட், "விலை என்ன?" இரண்டாவது, "பிரைஸ்?" மூன்றாவது ஆள் வெறும் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருப்பார்.

ஆரம்பத்தில் பிழை என் பக்கம். போனில் பார்க்கிறவருக்கு முதல் இரண்டு மூன்று வரிதான் தெரியும், மிச்சம் "மேலும் பார்க்க"வுக்குள் மறைந்துவிடும். நான் கடற்கரையையும் அம்மாவின் கைப்பக்குவத்தையும் எழுதிவிட்டு விலையை ஐந்தாம் வரியில் வைத்திருந்தேன். அதை முதல் வரிக்கு ஏற்றினேன். படத்தின் மேலேயே எழுதினேன். கேள்வி குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

விலையை வேண்டுமென்றே மறைத்து "இன்பொக்ஸ் பண்ணவும்" என்று போடுகிற கடைகளும் உண்டு. கேட்கிறவர் கூடினால் போஸ்ட் கூடப் பேருக்குப் போகும் என்று கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. விலை சொல்லாத கடைக்காரர் ஆளைப் பார்த்து விலை சொல்லுவார் என்றுதான் எங்கள் சனம் நினைக்கும். அந்த எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் நல்ல சரக்கைக் காட்டினாலும் கழுவ முடியாது.

ஒருநாள் இரவு கோபத்தில் கிண்ணியாவிலிருந்து கேட்ட ஒருவருக்கு "படத்தில் போட்டிருக்கே, பாக்கேல்லையோ?" என்று எழுதிவிட்டேன். பதில் வரவில்லை. அவர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர் என்பதும், மாதம் ஐந்து கிலோ எடுக்கிற ஆள் என்பதும் பிறகு இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் சுடுகிறது.

அடுத்த நாள் சந்தையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மட்டையில் விலை எழுதிக் குத்தி வைத்திருக்கிறோம். வந்த மனிசி அதைப் பார்த்தபடியே "என்ன விலை?" என்று கேட்டா. கேட்டுக்கொண்டே ஒரு நெத்தலியை எடுத்து நுனியைக் கடித்து உப்புப் பார்த்தா. பிறகு ஒரு பிடியை அள்ளி மணந்து பார்த்தா. அம்மா விலையைச் சொல்லவே இல்லை. "இது முந்தநாள் காய்ஞ்சது பிள்ளை, உப்புக் குறைச்சல்" என்று மட்டும் சொன்னா. வந்தவ அரைக் கிலோ கட்டச் சொன்னா.

போனில் கடித்துப் பார்க்க முடியாது, மணந்து பார்க்க முடியாது. மிஞ்சி இருப்பது அந்த ஒரு கேள்விதான். கதையைத் தொடக்க வேறு வழி அவர்களுக்கு இல்லை. அதற்குப் பிறகு "450" என்று மட்டும் எழுதி நிறுத்துவதை விட்டேன். வட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில் என்று ஒன்று இருக்கிறது. சாய்கோடு போட்டு ஒரு சொல் அடித்தால் எழுதி வைத்த முழுப் பதிலும் வரும். என்னுடையதில் விலையோடு எந்த நாள் காய்ந்தது, உப்பு எவ்வளவு, எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம் என்பதும், கடைசியில் "பொரிக்கவோ, குழம்புக்கோ?" என்ற கேள்வியும் இருக்கும். காய்ந்த நாளை மட்டும் ஒவ்வொரு கிழமையும் மாற்றுவேன். "பொரிக்க" என்று பதில் எழுதுகிறவர்களில் அரைவாசிப் பேராவது வாங்குவார்கள்.

எதிர்பாராத சந்தோஷம் 2023 வைகாசியில் வந்தது.

கருவாடு வாங்குகிறவருக்கு முதல் பயம் மண். கடற்கரையில் பாயில் காயப்போட்ட நெத்தலியை ஐந்து தரம் கழுவினாலும் கடைசியில் பல்லில் ஒரு நறுக்கு வரும். நாங்கள் நிலத்தில் போடுவதில்லை. இடுப்பு உயரத்துக்குப் பரண் அடித்து, வலை கட்டி, அதன்மேல் காயவிடுகிறோம். "மண் இல்லாத கருவாடு" என்று மூன்று வருடமாக எழுதினேன். எல்லாரும்தான் அப்படி எழுதுகிறார்கள், யார் நம்புவது?

அன்று காலை பரணுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை விரித்தேன். அம்மா ஒரு பிடி நெத்தலியை அள்ளிக் கடதாசிக்கு மேலே பிடித்து, மற்றக் கையால் மணிக்கட்டில் நாலு தட்டுத் தட்டினா. பிறகு கையை விலத்தினா. கடதாசியில் இரண்டு செதிலும் ஒரு உப்புக் கல்லும் மட்டும் மினுங்கின. பாட்டுச் சேர்க்கவில்லை, எழுத்துப் போடவில்லை. கடல் காற்று மைக்கில் இரைகிற சத்தம்தான். 14 செக்கன். ஸ்டேட்டஸில் போட்டேன்.

இரவுக்குள் 27 பேர் எழுதினார்கள். இரண்டு நாளில் 18 கிலோ போனது. அதில் ஒருவர்கூட விலை கேட்டுத் தொடங்கவில்லை! "எனக்கும் ஒரு கிலோ" என்றுதான் வந்தார்கள். நிலாவெளியில் இருந்து ஒரு ஐயா, "பிள்ளை, அந்தக் கடதாசியைக் காட்டினது நல்லது" என்று கோல் எடுத்தே சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுச் சரக்குக்கும் கடதாசி விரிக்கிறோம். மண் விழுந்த நாளும் உண்டு. அன்று அந்தச் சரக்கை வீடியோவும் எடுப்பதில்லை, விற்பதும் இல்லை.

ஸ்டேட்டஸைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். வாங்குகிறவருடைய நம்பர் உங்களிடமும் உங்களுடையது அவரிடமும் சேமித்து இருந்தால்தான் அவருக்கு அது தெரியும். 24 மணித்தியாலத்தில் போய்விடும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிரோட்காஸ்ட் பட்டியலுக்கும் நம்பர் சேமிப்பு முக்கியம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைச் சேமிக்காதவருக்குப் போய்ச் சேராது. இது தெரியாமல் ஒரு வருடம் எனக்கு நானே ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு பையிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம்: "இந்த நம்பரைப் போனில் சேமியுங்கோ. சனிக்கிழமை புதுக் கருவாடு ஸ்டேட்டஸில் வரும்." பேஜில் லைக் வாங்கச் செலவழித்த எல்லாவற்றையும்விட அந்த ஸ்டிக்கர் கூட உழைத்திருக்கிறது.

சனிக்கிழமை என்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி. வெள்ளி காலையில் போனைத் திறந்ததும் கருவாடு தெரிந்தால் வாங்க நினைக்கிறவருக்கும் மனம் விலகும். கேதாரகௌரி விரதம் 21 நாள், அதைத் தொடர்ந்து கந்தசஷ்டி ஆறு நாள், அந்தக் காலத்தில் தமிழ் ஆட்களிடம் விற்பனை படுத்துவிடும். முஸ்லிம், சிங்கள ஆட்கள் இருக்கிற கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஓடர்கள்தான் தாங்கும். அதற்கு ஏற்றபடி வட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு ஆட்களைப் பிரித்து வைத்திருக்கிறேன். கந்தளாய் ஆட்களுக்குச் சிங்களத்தில் எழுதித் தருவது என்னோடு படித்த சிநேகிதி.

இப்போது 25,000 ரூபா விஷயம். நானும் ஐந்து மாதம், மாதத்துக்கு 15,000 கொடுத்து ஓரிடத்தில் பேஜை ஒப்படைத்தேன். பேர் சொல்லவில்லை. படம் வடிவாகத்தான் செய்தார்கள். ஆனால் கந்தசஷ்டி மூன்றாம் நாள் காலையில், கொதிக்கிற கருவாட்டுக் குழம்புச் சட்டியைப் போட்டு, கீழே எங்கள் போன் நம்பரையும் போட்டுவிட்டார்கள். அன்று ஒரு அம்மா எடுத்துப் பேசின பேச்சை என் அம்மாதான் வாங்கினா. யாரோ அறையில் இருந்து எழுதிய வரிக்கு அம்மா ஏன் தலைகுனிய வேண்டும்? "உப்புக் கூடவோ?" என்று வருகிற கேள்விக்கும் அவர்களால் பதில் சொல்ல முடியாது. எனக்கு அனுப்பி, நான் சொல்லி, அவர்கள் எழுதும்போது கேட்டவர் வேறிடத்தில் வாங்கி முடித்திருப்பார்.

அதைவிட மோசம், பேஜை அவர்களுடைய கணக்கில் திறந்திருந்தார்கள். நான் விலகியபோது பேஜும் பின்தொடர்ந்த ஆட்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஆரிடம் கொடுத்தாலும் முழு அதிகாரம் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை செய்கிற அளவு அனுமதி மட்டும் கொடுங்கள்.

காசு கட்டிப் போஸ்டைக் கூடப் பேருக்குக் காட்டுகிற பூஸ்டில் நானே விட்ட பிழை, இடத்தைத் தெரிவு செய்யாமல் நாடு முழுக்க விட்டது. தெற்கில் இருக்கிற காலி நகரத்தில் இருந்து லைக் வந்தது, கருவாடு போகவில்லை. அடுத்த முறை திருகோணமலையை நடுவாக வைத்து வட்டம் போட்டேன். வட்டத்தில் அரைவாசி கடல்! கடலுக்குக் காசு போகாது, ஆட்கள் இருக்கிற இடத்துக்குத்தான் விளம்பரம் போகும். ஆனாலும் எங்கள் ஆட்கள் வட்டமாக இருக்கவில்லை. குச்சவெளி, நிலாவெளி என்று வடக்கே ஒரு கோடு, கிண்ணியா, மூதூர் என்று தெற்கே ஒரு கோடு, கந்தளாய்ப் பக்கம் இன்னொன்று. இடங்களைப் பேர் பேராகச் சேர்த்து, லைக்குக்கு இல்லாமல் வட்ஸ்அப்பில் எழுதவைக்கிற விளம்பரமாக மாற்றிய பிறகுதான் போட்ட காசு திரும்பியது. இப்போது பெருநாள்களுக்கும் சீசன் தொடங்குகிற சித்திரை வைகாசிக்கும் மட்டும் செய்கிறேன்.

இன்னும் இரண்டு. பணம் போட்டதாகச் சிலிப் படம் வந்தால் வங்கிக் கணக்கைப் பார்க்காமல் பொதியை அனுப்பாதீர்கள், திருத்திய சிலிப்பால் நான் 6,300 ரூபா இழந்திருக்கிறேன். வாடிக்கையாளர் நம்பர்களை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை சமூக வலைத்தளங்கள் நாடு முழுக்க முடக்கப்பட்டபோது கொப்பியைப் பார்த்துக் கோல் எடுத்துத்தான் ஓடர் தந்தவர்களோடு பேசினேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தங்கச்சிக்கு என் பதில்: காசு குடுக்காதே. பேஜும் இப்போதைக்கு வேண்டாம்.

எங்கள் விற்பனையில் பாதிக்கு மேல் போனில்தான் வருகிறது. அது தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன். முந்தநாள் இரவு 11.20க்கு ஒருவர் விலை கேட்டார். சொன்னேன். உப்புக் கேட்டார், சொன்னேன். கடதாசி வீடியோ கேட்டார், அனுப்பினேன். மூன்று கிலோ வேண்டும் என்றார். விடிய எழும்பி நிறுத்து, பையில் போட்டு, ஒட்டி முடித்தபோது "வேண்டாம் அக்கா" என்று ஒரு சொல். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு மத்தியானம் வரை தொடவில்லை. கேக் என்றால் எழுத்து எழுதி முடித்த பிறகு இப்படி ஒருவர் சொன்னால் வேறு ஆருக்குக் கொடுப்பாய்? கருவாட்டை நான் மற்றக் கிழமை விற்பேன், "ஹப்பி பேர்த்டே" எழுதிய கேக்கை உன்னால் முடியாது. அரைவாசிக் காசு கைக்கு வராமல் அடுப்பு மூட்டாதே.

வட்ஸ்அப்பை மட்டும் வைத்துக்கொள். கேக்கை வெட்டுகிற வீடியோ ஒன்று எடு. மேலே பூ வைத்ததை எல்லாரும் காட்டுகிறார்கள், நீ உள்ளுக்குள் வெந்திருப்பதைக் காட்டு. எனக்கும் அனுப்பிவிடு. முட்டை போடாத கேக் என்றால் வெள்ளிக்கிழமைகளில் என் ஸ்டேட்டஸில் போடுகிறேன், அன்று அது சும்மாதான் கிடக்கும்.