பாம்பனைத் தாண்ட ரயிலா, ரோடா? படகு எதற்கு?

காரை ஏற்றிச் செல்லும் படகு ராமநாதபுரம் கடற்கரையில் எங்கும் இல்லை. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குக் காரோடு கடந்து பழகியவர்கள், பாம்பன் பாலம் தொடங்கும் மண்டபத்திலும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்து வருவதுண்டு. இங்கே அந்த வேலையைப் பாலங்கள் பார்க்கின்றன. படகு என்பது சுற்றிக் காட்டுவதற்குத்தான். ஏறிய துறையிலேயே இறக்கிவிடும். இது தெரிந்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்த மாதிரி.

முதலில் பாலங்கள். 1914 முதல் 1988 வரை ராமேசுவரம் தீவுக்குப் பாலத்தில் ரயில் மட்டும்தான் போனது. 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறந்த பிறகு கார், பஸ், லாரி எல்லாம் வந்தன. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ஓட்டம் நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும்.

காட்சிக்கு என் ஓட்டு ரயிலுக்கு. சாலைப் பாலம் உயரம். கடலைக் குனிந்து பார்க்க வேண்டும். ரயிலில் தண்ணீர் காலடியில் ஓடும், ஜன்னலுக்கு வெளியே வேறெதுவும் கண்ணில் படாது. ஆனால் ரயிலுக்கு நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும், காற்று பலமாக வீசினால் நிறுத்தியும் வைப்பார்கள். பஸ்ஸுக்கு அந்தக் கவலை குறைவு. காரில் வருகிறவர்கள் நடுப்பாலத்தில் ஓரங்கட்டி செல்ஃபி எடுப்பதால் பின்னால் வருகிற எல்லோருக்கும் தலைவலி. தாழ்வான காரில் கைப்பிடிச் சுவர் வேறு கடலைப் பாதி மறைத்துவிடும். பஸ் ஜன்னலில் அந்தக் குறை இல்லை. ராமநாதபுரத்திலேயே காரை விட்டுவிட்டு மதுரையிலிருந்து வரும் பாசஞ்சர் ரயிலில் ராமேசுவரம் போய், பஸ்ஸில் திரும்பினால் இரண்டும் கிடைக்கும்.

தனுஷ்கோடிக்கு மட்டும் சொந்த வண்டிதான் வசதி. 1964 புயலில் போன தண்டவாளம் திரும்ப வரவில்லை. 2017 முதல் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. டவுன் பஸ்ஸும் போகிறது, ஆட்டோவும் உண்டு, பேரம் பேசத் தெரிந்தால் சரி. எதில் போனாலும் மாலையில் சீக்கிரமே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் படகு. குருசடைத் தீவா, காரங்காடா என்பதுதான் உண்மையான போட்டி. இரண்டையும் நடத்துவது வனத்துறை. குருசடைக்குப் பாம்பனுக்கு அருகே உள்ள குந்துகாலில் ஏற வேண்டும். 1897இல் விவேகானந்தர் வந்திறங்கிய இடம் அது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று என்பதால் நினைத்தபடி இறங்கித் திரிய முடியாது. அவர்கள் ஏற்பாட்டில்தான் போக வேண்டும். திறந்த கடல், படகு ஆடும்.

காரங்காடு வேறு மாதிரி. தொண்டிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவ ஊர். ஆறு கடலில் சேருமிடத்தில் அலையாத்திக் காட்டுக்குள் படகு மெதுவாக நுழையும். பறவைகளும் பார்க்கலாம். ராமேசுவரத்திலிருந்து தூரம் என்பதால் பேக்கேஜ் டூர்க்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கூட்டம் குறைவதற்கு அதுவே காரணம். குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்தால் யோசிக்காமல் இங்கேதான் போகச் சொல்வேன். போகிற வழியில் தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தையும், அதாவது நவக்கிரகங்களாக வழிபடும் ஒன்பது கற்களையும், பார்த்துவிடலாம்.

மாதத்தையும் பாருங்கள். ஆடி மாதத்துத் தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். குருசடைப் படகை நம்பி அறை போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்தால் முரண்டு பிடிப்பது காரங்காடு இருக்கும் வடக்குக் கடல். தை, மாசியில் வருகிறவர்களுக்கு இரண்டும் கிடைக்க வாய்ப்பு அதிகம். எப்படியும் கிளம்புமுன் போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

கச்சத்தீவைப் பலர் கேட்கிறார்கள். அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும், முன்பதிவு செய்தவர்கள் மட்டும் படகில் போகலாம். சுற்றுலாவாகப் போக முடியாது. முன்பு ராமேசுவரத்திலிருந்து இலங்கைக்குப் போன தலைமன்னார் கப்பலும் இப்போது இல்லை. இலங்கைக்குக் கடல் வழியாகவே போக வேண்டும் என்றால் நாகப்பட்டினத்துக்குப் போய் காங்கேசன்துறைக் கப்பலைப் பிடிக்க வேண்டும். அதிலும் பயணிகள் மட்டும்தான், கார் ஏறாது.