கலர் சைக்காலஜி ரிப்போர்ட்னு சொல்லி பணம் கேக்கறாங்களா, கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சின்னதா தொழில் பண்றவங்க, புதுசா லோகோ, பாக்கெட், போர்டு எல்லாம் மாத்தலாம்னு யோசிக்கறவங்க எல்லாருக்கும் இந்தப் பதிவு. "கலர் சைக்காலஜி (எந்தக் கலர் மனசுல என்ன உணர்வைத் தூண்டும்ங்கறது) படி அறிவியல்பூர்வமா கலர் செலக்ட் பண்ணித் தர்றோம்"னு சொல்லி ஒரு பிராண்டிங் ஏஜென்சி எங்ககிட்ட நல்ல தொகை வாங்கிட்டு, கைல கொடுத்தது எதுக்கும் உதவாதது மட்டுமில்ல, எங்க கஸ்டமருங்களை நிஜமாவே கஷ்டப்படுத்தற வேலை. ஏஜென்சி பேரை நான் எழுதப்போறதில்ல, ஆனா இதே பேச்சை வேற பேர்ல நிறைய பேர் பேசறாங்க, அதனால எப்படி நடந்துச்சுனு விவரமா சொல்றேன்.

நானும் என் தங்கச்சியும் காது கேக்கற மிஷின் விக்கறோம், சர்வீஸும் பண்றோம். வர்றவங்க முக்கால்வாசிப் பேர் வயசானவங்க.

முதல் மீட்டிங்லயே பெரிய ஸ்லைடு போட்டாங்க. மனுஷன் ஒரு பொருளைப் பாத்த 90 விநாடிக்குள்ள முடிவு பண்ணிடறான், அந்த முடிவுல 62ல இருந்து 90 சதவீதம் கலரை மட்டும் வச்சுதான்னு. நீங்களும் எங்கயாவது இதைப் பாத்திருப்பீங்க, பிராண்டிங் விக்கறவங்க எல்லாரும் இதைத்தான் போடுவாங்க. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். சத்யேந்திர சிங்னு ஒருத்தர் 2006ல மேனேஜ்மென்ட் டிசிஷன்ங்கற ஜர்னல்ல எழுதின கட்டுரையோட சுருக்கத்துல இருக்கற வரி அது. அவரே ஆளுங்களை உக்கார வச்சு சோதனை பண்ணி எடுத்த கணக்கு இல்ல, அதுவரைக்கும் வந்ததைத் தொகுத்து எழுதின கட்டுரை. அதை ஏதோ லேப்ல நிரூபிச்ச உண்மை மாதிரி ஸ்லைடுல போட்டு காசு கேக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

அப்புறம் அந்த ரிப்போர்ட். நீலம்னா நம்பிக்கை, பச்சைன்னா வளர்ச்சி, ஆரஞ்சுன்னா நட்பு, சிவப்புன்னா கோபம், ஆபத்துனு ஒரு டேபிள். கீழ ஃபேஸ்புக் லோகோவைப் போட்டு, நம்பிக்கைக்காக நீலம் எடுத்தாங்கனு விளக்கம் வேற. ஃபேஸ்புக் நீலமா இருக்கறதுக்கு ஜக்கர்பெர்க் சொன்ன காரணமே வேற, அவருக்கு சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க வராது, நீலம்தான் நல்லாத் தெரியும்னு 2010லயே ஒரு பத்திரிகைல வந்துருச்சு. மெக்டொனால்ட்ஸ் சிவப்பு பசியத் தூண்டும்னு இன்னொரு பக்கம். அதே மெக்டொனால்ட்ஸ் 2009ல ஜெர்மனில சிவப்பை எடுத்துட்டு கரும்பச்சைக்கு மாத்துனாங்க, சுற்றுச்சூழல் மேல அக்கறை இருக்குனு காட்டறதுக்காக. அது ரிப்போர்ட்ல எங்கயும் இல்ல. ஜெயிச்ச கம்பெனி லோகோவை எடுத்து வச்சுக்கிட்டு அதுக்கு அப்புறமா ஒரு காரணம் எழுதறது ஆராய்ச்சி ஆகாது. இதுல இன்னொரு விஷயம், நடுவுல ஒரு பக்கத்துல "உங்கள் ஜிம்முக்கு வரும் இளைஞர்கள்"னு இருந்துச்சு. எங்களுக்குன்னு தனியா ஆராய்ச்சி பண்ணினோம்னு சொன்ன ரிப்போர்ட்ல வேற யாருக்கோ கொடுத்த வரி அப்படியே கிடக்கு. கேட்டா "டைப்பிங் எர்ரர் மேடம்"னாங்க.

இதோட போயிருந்தா பணம்தான் போச்சுனு விட்டிருப்பேன். பேட்டரி போட்டுக் கொடுக்கற கவர்லதான் நிஜமான சேதம்.

காது மிஷின் பேட்டரில ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு கலர் உண்டு, எந்தக் கம்பெனி பேட்டரி வாங்கினாலும் அதே கலர்தான். 10ம் நம்பர் மஞ்சள், 312 பிரவுன், 13 ஆரஞ்சு, 675 நீலம். பேட்டரி மேல ஒட்டியிருக்கற சின்ன ஸ்டிக்கரும் அதே கலர்ல இருக்கும். எங்ககிட்ட வர்ற பெரியவங்க நம்பர் சொல்லிக் கேக்க மாட்டாங்க, "அந்த ஆரஞ்சு குடும்மா"னுதான் கேப்பாங்க. இதை ஏஜென்சிகிட்ட ஆரம்பத்துலயே மெயில்ல தெளிவா எழுதிக் கொடுத்தோம். ஆனா ஃபைனல் ப்ரூஃபை, அதாவது அச்சடிக்கறதுக்கு முன்னாடி பாக்கற கடைசி மாதிரியை, எங்களுக்குக் காட்டாமலே அவங்களோட டை-அப் பிரிண்டருக்கு ஃபைல் அனுப்பிட்டாங்க. வந்து இறங்கின கவர் நாலு சைஸுக்கும் ஒரே வெளிர் நீலப்பச்சை! சைஸ் நம்பர் மூலைல பொடி எழுத்துல. பழைய ஸ்டாக் முடிஞ்சு அவசரத்துல அதுல போட்டுக் கொடுத்ததுல ஒரு பெரியவருக்கு 13க்கு பதிலா 312 போயிருச்சு, அது 13 போடற இடத்துல உக்காராது. வீட்டுல போய் மாட்டிப் பாத்து மிஷின் வேலை செய்யலன்னு நினைச்சு ரெண்டு நாளா யார் பேசறதும் கேக்காம உக்காந்திருக்கார், அவர் பேத்தி ஃபோன் பண்ணினப்பதான் எங்களுக்கே தெரியும். எனக்கு அன்னிக்கு இருந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்ல.

அதே மாதிரி வலது இடது. காது மிஷின்ல சிவப்பு மார்க் இருந்தா வலது காது, நீலம் இருந்தா இடது காது. காது சோதனை ரிசல்ட் போடற ஆடியோகிராம் சார்ட்லயும் அதேதான், வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. ரெண்டு காதுக்கும் கேக்கற அளவு வேற வேறயா இருக்கலாங்கறதால மிஷினைத் தனித்தனியாத்தான் செட் பண்ணுவோம், மாத்திப் போட்டா சரியாக் கேக்காது. ஏஜென்சி டிசைன் பண்ணின கஸ்டமர் கார்டுல ரெண்டுமே நீலப்பச்சைதான், ஒண்ணு கொஞ்சம் டார்க், ஒண்ணு கொஞ்சம் லைட். ஏன்னு கேட்டா, "சிவப்பு நெகட்டிவ் எமோஷன், ரிப்போர்ட்ல இருக்கே"னு பதில். இதை மட்டும் பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னாடியே தங்கச்சி பாத்து நிறுத்திட்டா.

அடுத்தது படிக்க முடியாத பிரச்சினை. வெள்ளை மேல வெளிர் நீலப்பச்சைல ஃபோன் நம்பர். வயசாக ஆக கண்ணுக்குள்ள லென்ஸ் மஞ்சளாகும், நீலம் பச்சை சாயல்களைப் பிரிச்சுப் பாக்கறதும் கஷ்டமாகும், இது கண் டாக்டருங்க எல்லாரும் சொல்றது. வெப்சைட்டை எல்லாரும் படிக்க முடியணும்னு இருக்கற டபிள்யூசிஏஜி விதிமுறைல சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் காண்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) குறைஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், பெரிய எழுத்துன்னா 3க்கு 1. ஆன்லைன்ல இலவசமா செக் பண்ற டூல் இருக்கு, ரெண்டு கலரோட கோட் நம்பரையும் போட்டா உடனே சொல்லிடும். எங்களுக்குக் கொடுத்த கலர் அந்த 3ஐயே தொடல. மனசைப் பத்தி இவ்வளவு பேசினவங்க கண்ணுக்குத் தெரியுதானு ஒரு தடவை பாக்கலையே.

ஃபைல் விஷயமும் சொல்லிடறேன். ஸ்கிரீனுக்கான கலர் நம்பரும் (ஹெக்ஸ் கோட்) பிஎன்ஜி படமும்தான் கொடுத்தாங்க. ஸ்கிரீன் ஆர்ஜிபிங்கற சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்துல காட்டுது, பிரஸ்ல சிஎம்ஒய்கேங்கற நாலு கலர் மையில வருது, பளிச்சுனு இருக்கற நிறைய ஷேடு மையில வரவே வராது. போர்டுல ஒரு நீலம், விசிட்டிங் கார்டுல ஒரு நீலம், கவர்ல சாம்பல் அடிச்ச மாதிரி ஒண்ணு. பான்டோன் நம்பர் (பிரஸ்ல கலர் மாறாம வர்றதுக்கான மை நம்பர்), சிஎம்ஒய்கே அளவு, வெக்டர் ஃபைல் (எவ்வளவு பெருசாக்கினாலும் மங்காத ஃபைல்) கேட்டா அது தனி பேக்கேஜாம்.

கலர் முக்கியமே இல்லன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. கோக்க கோலா 2011 கடைசில பனிக்கரடிப் பாதுகாப்புக்காக வெள்ளை கேன் விட்டாங்க, ஜனங்க டயட் கோக்னு நினைச்சு குழம்பி கம்ப்ளெயின்ட் பண்ணி, சீக்கிரமே சிவப்புக்குத் திரும்ப வேண்டியதாப் போச்சு. பழகின கலருக்கு அவ்வளவு பவர் இருக்கு. ஆராய்ச்சியும் இருக்கு, ஆனா அதுல சொல்லியிருக்கறது வேற. பாட்டம்லி, டாய்ல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2006ல பாத்தது, கலர் அந்தப் பொருளுக்குப் பொருந்துதானு ஜனங்க நினைக்கறதுதான் முக்கியம்னு, உபயோகத்துக்கு வாங்கற பொருளுக்கு நீலம் பொருந்துது, ஆசைக்கு வாங்கறதுக்கு சிவப்பு பொருந்துதுனு. அந்தக் கணக்குப்படி எங்களுக்கு நீலம் சரிதானேனு கேப்பீங்க. சரிதான், ஆனா நாங்க பாத்த வரைக்கும் எங்க லைன்ல பாதிப் பேர் ஏற்கனவே நீலத்துலதான் இருக்காங்க, எங்க பழைய போர்டு ஆரஞ்சு, அதை வச்சுதான் கடையைக் கண்டுபிடிச்சு வந்தாங்க. கூட்டத்துல வித்தியாசமா இருக்கறதுதான் ஞாபகத்துல நிக்கும்னு ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப்ங்கற ஆராய்ச்சியாளர் 1933லயே சோதனை பண்ணிச் சொல்லிட்டாங்க. ஏஜென்சிங்க அடிக்கடி காட்டற அந்த வெப்சைட் சிவப்பு பட்டன் டெஸ்ட் இருக்கு பாருங்க, 2011ல பெர்ஃபார்மபிள்ங்கற கம்பெனி பண்ணினது, பச்சை பட்டனை விட சிவப்புக்கு 21 சதவீதம் அதிக கிளிக். அந்தப் பக்கத்துல மத்த இடத்துல பச்சை நிறைய இருந்துச்சு, சிவப்பு தனியாத் தெரிஞ்சுது. இதைப் பாத்து கண்ணை மூடிக்கிட்டு உங்க பட்டனை மாத்தாதீங்கனு எழுதினவரே சொல்லியிருக்கார், அந்தப் பகுதியை மட்டும் யாரும் ஸ்லைடுல போடறதில்ல.

அதனால அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி கேளுங்க. என் போட்டியாளருங்க என்னென்ன கலர்ல இருக்காங்கனு பாத்தீங்களா, என் தொழில்ல ஏற்கனவே அர்த்தம் உள்ள கலர் என்னென்னனு கேட்டீங்களா, என் கஸ்டமர் நாலு பேர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுவீங்களா. ரிப்போர்ட்ல சொல்ற ஒவ்வொரு ஆராய்ச்சியும் யாரு, எந்த வருஷம்னு எழுதச் சொல்லுங்க. காண்ட்ராஸ்ட் அளவு, சிஎம்ஒய்கே, பான்டோன், வெக்டர் ஃபைல் எல்லாம் இதே தொகைக்குள்ளனு அக்ரிமென்ட்ல வரணும். உங்க கையெழுத்து இல்லாம எதுவும் பிரிண்டுக்குப் போகக்கூடாதுங்கறதையும் எழுத்துல வாங்குங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க.

நாங்க பணத்தைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டோம், "கலர் என்பது ரசனை சார்ந்தது, அதற்கு ரீஃபண்ட் கிடையாது"னு பதில் வந்துச்சு. விக்கும்போது அறிவியல், பணம் திருப்பிக் கேட்டா ரசனை. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறதுக்காக பேட்டரி மெயில், அந்தக் கவர், ரிப்போர்ட் மூணையும் எடுத்து வச்சிருக்கோம். ஜிம் வச்சிருக்கற யாருக்காவது நீலம், பச்சை, ஆரஞ்சுனு டேபிளோட ஒரு கலர் ரிப்போர்ட் வந்திருந்தா எனக்குச் சொல்லுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.