நோக்கியா என்95: எல்லாம் உண்டு, ஒரே நேரத்தில் கிடையாது

நோக்கியா இந்த போனை அறிவித்தது 2006 செப்டம்பரில். கடைக்கு வந்தது 2007 மார்ச்சில். கார்ல் சைஸ் லென்ஸோடு 5 மெகாபிக்சல் கேமரா, ஜி.பி.எஸ்., வைஃபை, 3ஜி, எந்த ஹெட்போனையும் செருகக்கூடிய 3.5 மி.மீ. ஜாக், டிவியில் போட்டுப் பார்க்கும் வசதி, இரட்டை ஸ்பீக்கர் என்று அத்தனையையும் 120 கிராமுக்குள் திணித்திருந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் வந்த முதல் ஐபோனில் 3ஜி கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது, வீடியோ எடுக்கவே முடியாது. பட்டியல் போட்டால் என்95-க்குப் பக்கத்தில் நிற்க அன்று ஆள் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் வைத்துப் பழகியவர்களிடம் கேட்டால் புகழ்ச்சியும் புலம்பலும் ஒரே மூச்சில் வரும். தனியாக ஓடும்போது இதில் உள்ள ஒவ்வொன்றும் அருமை. இரண்டைச் சேர்த்து ஓட்டினால் ஒன்று விழும்.

விழவைப்பது ரேம், அதாவது அப்ளிகேஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். மொத்தமே 64 எம்.பி.; ஆரம்ப கால மென்பொருளில் போன் ஆன் ஆகி முடிந்ததும் மிஞ்சுவது 20 எம்.பி. அளவுதான். பின்னால் பிரவுசரில் ஒரு கனமான பக்கம் திறந்திருக்க, கேமராவை எடுத்தால் போதும்: நினைவகம் நிறைந்துவிட்டது, எதையாவது மூடு என்று போன் சொல்லும். பல நேரம் அதைக்கூடச் சொல்லாது, பிரவுசர் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். பாதி எழுதிய கருத்தும் அதோடு போச்சு.

இதற்கு அன்றாட வைத்தியம் ஒன்று உண்டு. மெனு பட்டனை அழுத்தி வெளியே வந்தால் அப்ளிகேஷன் மூடப்படுவதில்லை, பின்னணியில் உட்கார்ந்திருக்கும். அதே பட்டனை ஓரிரு நொடி அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வரும். வேண்டாததன்மேல் நிறுத்தி 'சி' பட்டனைத் தட்டினால் மூடிக்கொள்ளும். கேமராவோ மேப்போ திறப்பதற்கு முன் இதைச் செய்யும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதியைத் தீர்த்தது போனின் மென்பொருள் 20-ஆம் பதிப்பு. அதற்கு முன்புவரை போனின் இயங்குதளமான சிம்பியன் தன் நிரல்களை ஃப்ளாஷ் நினைவகத்திலிருந்து மொத்தமாக ரேமுக்கு நகலெடுத்து வைத்துக்கொண்டுதான் ஓடும். 20-இல், எந்தப் பகுதி எப்போது தேவையோ அப்போது மட்டும் அதை எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். ரேம் சில்லு மாறவே இல்லை, ஆனால் காலியிடம் 10 எம்.பி. போலக் கூடியது. இது சிறிய எண்ணாகத் தெரியும். பிரவுசரும் பாட்டும் ஒன்றாக ஓடுமா ஓடாதா என்பதை அன்று அந்த 10 எம்.பி.தான் முடிவு செய்தது. பதிப்பைப் பார்க்க *#0000# தட்டினால் போதும்.

அந்த அப்டேட் போடுவதும் லேசான காரியமாக இருக்கவில்லை. கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்துத்தான் போட வேண்டும், பழைய பதிப்புகளிலிருந்து மேலேறும்போது போனில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும். நோக்கியாவின் கம்ப்யூட்டர் மென்பொருளான பிசி சூட்டில் பேக்கப் எடுத்துவிட்டுச் செய்தவர்கள்கூட ஓரிடத்தில் சறுக்கினார்கள்: முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பக் கொட்டியதால் பழைய செட்டிங்ஸ் குப்பையும் சேர்ந்து வந்தது, போன் முன்புபோலவே மந்தமானது. தொடர்பு எண்கள், காலண்டர், எஸ்.எம்.எஸ். மூன்றை மட்டும் திரும்ப எடுப்பதே சரி. அப்போதும் மந்தம் தீராவிட்டால் *#7370#. லாக் கோடு கேட்கும், மாற்றியிருக்காவிட்டால் 12345. இந்த ரீசெட்டும் போனுக்குள் இருப்பதை அழிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கேமராவுக்கு வருவோம். புகழ்ச்சியில் முக்கால்வாசி இதற்குத்தான், தகுதியும் உண்டு. 2592 x 1944 படத்தில், நல்ல வெளிச்சத்தில், ஓரங்கள்வரை கூர்மை நிற்கும். அன்றைய போன் கேமராக்களில் நடு மட்டும் தெளிவாக இருந்து மூலைகள் குழைந்துபோவது சகஜம். இதில் அது மிகக் குறைவு. ஆட்டோஃபோகஸ் இருப்பதால் குளோஸ்-அப் மோடில் ஒரு பூவையோ விசிட்டிங் கார்டையோ ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே எடுக்கலாம். பட்டனைப் பாதி அழுத்தி, திரையில் தெரியும் சட்டம் பச்சையானதும் முழுதாக அழுத்த வேண்டும். ஒரே அமுக்காக அமுக்கினால் ஃபோகஸ் பிசகும். அந்த பட்டனும் கொஞ்சம் விறைப்பு. அழுத்தும்போதே கை ஆடும் என்பதால் இடது கைக் கட்டைவிரலை போனுக்கு அடியில் முட்டுக்கொடுத்துப் பிடிப்பது நல்லது.

குறை வேகத்தில். கேமரா திறக்க நொடிகள் ஆகும், ஒரு படம் எடுத்தபின் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். எடுத்த படத்தைத் திரையில் காட்டும் அமைப்பை ஆஃப் செய்தால் இடைவெளி குறையும். ஓடும் குழந்தையைப் பிடிக்க இது ஆகாது. ஃப்ளாஷ் என்று இருப்பது எல்.இ.டி.; ஒரு மீட்டர் தாண்டினால் அதன் வெளிச்சம் எடுபடாது. மண்டபத்துக்குள் எடுக்கும் படங்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். அங்கே ஃப்ளாஷை அணைத்துவிட்டு, போனை எதன்மேலாவது சாய்த்துவைத்து நைட் மோடில் எடுத்தால் தேவலை.

வீடியோ வேறு கதை. 640 x 480, நொடிக்கு 30 ஃப்ரேம். போன் வீடியோ என்றால் தீப்பெட்டி அளவில் வெட்டி வெட்டி ஓடும் என்று பழகியிருந்த காலத்தில், டிவியில் போட்டுக் குடும்பமாகப் பார்க்கக்கூடிய வீடியோ இதில் வந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 எம்.பி. பிடிக்கும், ஆகவே 160 எம்.பி. உள் நினைவகத்தை நம்பக் கூடாது. சேமிப்பிடமாக மெமரி கார்டைத் தேர்ந்துவிட வேண்டும். டிவி கேபிள் பெட்டியிலேயே வரும். தொலைந்துபோனால் கேம்கார்டர் கேபிள் வாங்கிப் போடுவார்கள். செருகும் முனை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கக்கூடும், டிவியில் படத்துக்குப் பதில் உறுமல்தான் கேட்கும். அப்படியானால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்களை இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் செட்டிங்ஸில் டிவி முறை நம் ஊர் டிவிகளுக்கான பால் (PAL) என்று இருக்கிறதா பார்க்க வேண்டும்.

லென்ஸ் மூடி ஒரு விசித்திரப் பிராணி. முதல் என்95-இல் லென்ஸைச் சுற்றியுள்ள நெம்பைத் தள்ளினால் மூடி திறக்கும், கேமராவும் தானாக ஆன் ஆகும். படம் எடுக்க வசதிதான். சட்டைப் பைக்குள் உரசி நெம்பு நகர்ந்தாலும் அதேதான் நடக்கும். காலையில் முழு சார்ஜோடு கிளம்பியவர் மதியம் பேட்டரி தீர்ந்த போனை எடுப்பார். உறையில் போடும்போது கேமரா பக்கம் உடலை நோக்கி இருந்தால் உரசல் குறையும்.

பேட்டரிக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய இடங்கள் வேறும் உண்டு. இதில் இருப்பது பிஎல்-5எஃப் பேட்டரி, கொள்ளளவு 950 எம்.ஏ.எச். மட்டும். வாங்கிய கையோடு நெட்வொர்க் மோடைப் பார்க்க வேண்டும். டூயல் மோடில் இருந்தால் போன் 3ஜி அலைவரிசையையும் தேடிக்கொண்டே இருக்கும். இலங்கையில் 2006-லேயே 3ஜி வந்துவிட்டது, சென்னையில் பி.எஸ்.என்.எல். 3ஜி வந்தது 2009-இல், தனியார் நிறுவனங்கள் அதற்கும் பிறகு. இல்லாத சிக்னலைத் தேடித் தேடியே தமிழ்நாட்டு என்95-கள் இரண்டு ஆண்டுகள் பேட்டரியை எரித்தன. ஜி.எஸ்.எம். மட்டும் என்று மாற்றியவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது. அடுத்தது வைஃபை இருக்கிறதா என்று இடைவிடாமல் துழாவும் அமைப்பு. அதை 'எப்போதும் வேண்டாம்' என்று வைத்துவிடலாம். யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறாது என்பது இன்னொரு எரிச்சல். மெல்லிய பின் சார்ஜர் தனியாகக் கூடவே வர வேண்டும்.

ஜி.பி.எஸ். பற்றிய புலம்பல் பெரும்பாலும் முதல் சில மாதங்களுடையது. வெட்டவெளியில் நின்றாலும் இடம் காட்டப் பத்து நிமிடம் தாண்டும், அதற்குள் போக வேண்டிய இடத்துக்கே போய்விடலாம் என்பார்கள். செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலையும் வானத்திலிருந்தே மெதுவாக இறக்க வேண்டியிருந்ததுதான் தாமதத்துக்குக் காரணம். 12-ஆம் பதிப்பில் ஏ-ஜி.பி.எஸ். வந்து, அந்தத் தகவலை இணையம் வழியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. பொசிஷனிங் செட்டிங்ஸில் அதை ஆன் செய்து, சரியான இணைய அக்சஸ் பாயின்ட்டையும் கொடுத்திருக்க வேண்டும். போனுக்கான எளிய பக்கங்களுக்கென்றே இருந்த வாப் இணைப்பைக் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்றவர்கள் நிறைய. இன்னொன்று பலருக்குக் கடைசிவரை தெரியாது: ஆன்டெனா இருப்பது எண் பட்டன்களுக்கு அடியில். ஸ்லைடை மேலே திறந்து, பட்டன்கள் வானத்தைப் பார்க்கும்படி வைத்தால்தான் சிக்னல் முழுதாகக் கிடைக்கும். மூடியபடி கையில் இறுக்கிப் பிடித்தால் ஆன்டெனாவைக் கையாலேயே மறைத்த கணக்கு.

மேப்பைக் கம்ப்யூட்டரில் இறக்கி கார்டில் போடலாம் என்பது அன்றைக்குப் பெரிய வரம், டேட்டா செலவே இல்லை. அதற்கு முன் போனில் மேப்ஸை ஒருமுறையாவது திறந்து மூட வேண்டியிருந்தது. அப்போதுதான் கார்டில் அதற்கான ஃபோல்டர் உருவாகும், மேப்பை இறக்கித் தரும் கம்ப்யூட்டர் மென்பொருளான மேப் லோடரும் போனைக் கண்டுகொள்ளும். குரலில் வழி சொல்லும் வசதிக்கு மட்டும் காசு கட்ட வேண்டியிருந்தது. 2010 ஜனவரியில் நோக்கியா அதை இலவசமாக்கியபோது வெளியிட்ட போன் பட்டியலில் என்95 இல்லை. ஜி.பி.எஸ்.ஸைப் பரவலாக்கிய போனையே விட்டுவிட்டது நன்றிகெட்ட வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

பாட்டு கேட்பவர்களுக்குக் குறையே இல்லை. ஸ்லைடைக் கீழே இழுத்தால் ப்ளே, நெக்ஸ்ட் பட்டன்கள், கையோடு வரும் கேபிள் ரிமோட், அதில் நமக்குப் பிடித்த ஹெட்போன். ஸ்பீக்கர் ஒலி ஒரு அறைக்குத் தாராளம். ஜாக்கில் தூசியோ ஈரமோ சேர்ந்தால் மட்டும் ஹெட்போனை உருவிய பிறகும் அதன் சின்னம் திரையில் நிற்கும், அழைப்பில் குரல் கேட்காது. நாலைந்து முறை செருகி எடுத்தால் போய்விடும்.

உடைவது எது என்றால், ஸ்லைட். இருபக்கமும் திறக்கும் அமைப்பு என்பதால் புதிதிலேயே லேசாக ஆடும், அது பழுதல்ல. கவலைப்பட வேண்டியது திரைப் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் இணைத்து உள்ளே மடிந்து விரியும் ஃப்ளெக்ஸ் கேபிள் பற்றி. ஸ்லைடைப் பாதி தள்ளும்போது திரை வெள்ளையாவது, கோடு விழுவது, முழுதாகத் திறந்தால் இருள்வது, பேசும்போது இயர்பீஸ் விட்டுவிட்டுக் கேட்பது எல்லாம் அதன் அறிகுறிகள். ஸ்லைடின் நிலையைப் பொறுத்துக் கோளாறு வந்து போகிறது என்றால் ஃப்ளெக்ஸ்தான். டிஸ்ப்ளே போச்சு என்று கடையில் சொன்னாலும் முதலில் ஃப்ளெக்ஸை மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும், அது விலையில் கொசுறு. பின்மூடி மெல்லியது, பேட்டரி அசைந்து போன் தானாக அணைந்தால், மடித்த காகிதத் துண்டு ஒன்றை பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவே வைத்து இறுக்குவது பழைய தந்திரம்.

இணையத்தில் தமிழ் படிப்பது தனிப் பாடு. கூடவே வரும் பிரவுசர், பக்கங்களை வரைந்து காட்டும் வெப்கிட் என்ற மென்பொருளில் ஓடுவது, ஆங்கிலப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் போலவே காட்டும். தமிழ் எழுத்துரு இல்லாததால் தமிழ்ப் பக்கங்கள் வெறும் கட்டங்கள். ஓபரா மினி என்ற இன்னொரு பிரவுசரைப் போட்டு, முகவரிப் பெட்டியில் ஓபரா, முக்காற்புள்ளி, கன்ஃபிக் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டினால் ரகசிய செட்டிங்ஸ் பக்கம் வரும். அதில் சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு என்பதை 'யெஸ்' ஆக்கிச் சேமித்தால் தமிழ் பளிச்சென்று வரும். எழுத்துகளைச் சர்வரிலேயே படமாக்கி அனுப்புவதால் டேட்டா கூடுதலாகும், எழுத்தை நகலெடுக்க முடியாது. 10 கே.பி.க்கு 10 பைசா கட்டிய நாட்களில் அந்தக் கூடுதலும் கணக்கில் வந்தது.

அப்ளிகேஷன் நிறுவுவதில், ஃபைலை நம்பலாமா என்று போன் பார்க்கும் டிஜிட்டல் சான்றிதழ் ஒரு தொல்லை. அப்ளிகேஷன் மேனேஜர் செட்டிங்ஸில் 'எல்லாம்' என்று வைத்து, ஆன்லைன் சோதனையை அணைக்க வேண்டும். சான்றிதழ் காலாவதி என்று வந்தால் போனின் தேதியை ஃபைல் வெளியான காலத்துக்குப் பின்னோக்கி மாற்றி நிறுவிவிட்டு, மறுபடி சரிசெய்துகொள்ளலாம். பழைய மென்பொருள் போடுவோருக்கு இன்றும் இதுதான் வழி.

இப்போது பழையது தேடி வாங்குகிறவர்கள் என்95 8ஜிபி-யைப் பார்ப்பதே மேல். ரேம் 128 எம்.பி., திரை 2.8 அங்குலம், பேட்டரி 1200 எம்.ஏ.எச். அதில் லென்ஸ் மூடி இல்லை, மெமரி கார்டும் போட முடியாது. எனவே லென்ஸ் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதல் மாடலில் எவ்வளவு பழைய பதிப்பு இருக்கிறது என்று *#0000#-இல் பார்த்துவிட்டே காசு கொடுங்கள், நோக்கியா வழியாக அப்டேட் செய்யும் பாதை அடைபட்டு வெகுகாலம் ஆகிறது. ஸ்லைடை இருபக்கமும் பத்து முறை மெதுவாகத் திறந்து மூடித் திரையைக் கவனியுங்கள். பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துச் சுழற்றினால் பம்பரமாகச் சுற்றுகிறதா, அது உப்பியிருக்கிறது, தொடாதீர்கள். அதே அளவில் 1500 எம்.ஏ.எச். என்று அச்சிட்டு விற்பதையும் நம்ப வேண்டாம், அந்த இடத்துக்குள் அவ்வளவு அடங்காது. சிம் போடுவதானால் 2ஜி இன்னும் ஓடும் நிறுவனத்தின் சிம்மாக இருக்க வேண்டும். ஜியோ சிம் இதில் சிக்னலே எடுக்காது.