மேட்பிளாட்லிப்பின் பகிர்ந்த அச்சுகள்: எங்கே கைகொடுக்கின்றன, எங்கே காலை வாருகின்றன

ஒரே அளவீட்டை நான்கு இடங்களில் எடுத்து, நான்கு துணைப்படங்களாக அடுக்கி வைக்கிறோம் என்று கொள்வோம். ஒவ்வொரு துணைப்படமும் தன் போக்கில் ஒய் அச்சின் எல்லையைத் தேர்ந்துகொண்டால், 5 அலகு ஏற்றமும் 500 அலகு ஏற்றமும் கண்ணுக்கு ஒரே உயரத்தில் தெரியும். அச்சில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக வாசித்தால்தான் உண்மை விளங்கும் என்ற நிலை வந்துவிட்டால், வரைபடம் வரைந்ததற்கே பயன் இல்லாமல் போகிறது. இதைத் தடுப்பதற்காகவே வரைபட நூலகங்கள் பகிர்ந்த அச்சு என்ற வசதியைத் தருகின்றன. ஜான் ஹன்டர் 2003-இல் வெளியிட்டு, இன்று பைத்தான் கணினி மொழியில் பெரும்பாலோர் முதலில் கற்கும் திறமூல வரைபட நூலகமாக விளங்கும் மேட்பிளாட்லிப்பில் இந்த வசதி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். எல்லைகளைப் பகிரும் வேலையை மேட்பிளாட்லிப் நம்பத்தக்க வகையில் செய்கிறது. ‘சப்பிளாட்ஸ்’ கட்டளையில் ‘ஷேர்எக்ஸ்’, ‘ஷேர்ஒய்’ ஆகியவற்றுக்கு ‘ட்ரூ’ என்று கொடுத்தால் எல்லாத் துணைப்படங்களின் தரவும் சேர்ந்து பொது எல்லை கணிக்கப்படுகிறது. ஒன்றைப் பெரிதாக்கினாலும் நகர்த்தினாலும் மற்றவையும் உடன் நகர்கின்றன. ஒன்றை மடக்கை அளவுக்கு மாற்றினால் மற்றவையும் மாறுகின்றன. ‘ரோ’ என்று கொடுத்து நிரைக்குள் மட்டும், ‘கால்’ என்று கொடுத்து நிரலுக்குள் (மேலிருந்து கீழாக அமையும் வரிசைக்குள்) மட்டும் பகிரலாம். குறை எங்கே இருக்கிறதென்றால், இந்த ஒரே கட்டளைக்குள் மூன்று தனித்தனி வேலைகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதில்தான்: எல்லைகளைப் பொதுவாக்குவது ஒன்று, அளவுக்குறிகள் எங்கே விழ வேண்டும், அங்கே என்ன எழுத வேண்டும் என்பதைப் பொதுவாக்குவது இன்னொன்று, உட்புறத் துணைப்படங்களின் எண்களை மறைப்பது மூன்றாவது. முதல் இரண்டும் படம் உயிரோடு இருக்கும்வரை தொடரும் பிணைப்புகள். மூன்றாவதோ படம் உருவாகும் கணத்தில் ஒருமுறை எடுக்கப்பட்டு, அத்தோடு மறக்கப்படும் முடிவு. பயனர்கள் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை அறியாததால் வருகிறது என்றே கருதுகிறேன்.

அடிக்கடி எழும் சிக்கலை எடுத்துக்கொள்வோம். இரண்டு துணைப்படங்கள் மேலும் கீழுமாக எக்ஸ் அச்சைப் பகிர்கின்றன. மேலே உள்ளதில் எண்கள் வேண்டாம் என்று ஒருவர் அதற்கு மட்டும் ‘செட்_எக்ஸ்டிக்ஸ்’ கட்டளையில் வெற்றுப் பட்டியலைக் கொடுக்கிறார். உடனே கீழே உள்ளதிலும் குறிகள் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. இது வழு போலத் தோன்றினாலும் வழு அன்று. ஒவ்வொரு அச்சிலும் குறிகளின் இடத்தைத் தீர்மானிக்கும் லொக்கேட்டரும், எண்ணை எழுத்தாக்கும் ஃபார்மேட்டரும் ஒரு பொருளுக்குள் வைக்கப்பட்டுள்ளன. அச்சைப் பகிரும்போது அந்தப் பொருளுக்கு நகல் எடுக்கப்படுவதில்லை; அதே பொருளைத்தான் இரண்டு அச்சுகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே ஒன்றில் மாற்றியது மற்றொன்றிலும் மாறியே தீரும். ‘செட்_எக்ஸ்டிக்லேபிள்ஸ்’ கொண்டு எழுத்துகளை மாற்றினாலும் இதே கதைதான்.

தீர்வு எளியது. குறி எங்கே, எழுத்து என்ன என்பவை பொதுவானவை. ஆனால் அதைக் காட்டலாமா, எந்த நிறத்தில், எந்தச் சாய்வில் என்பவை ஒவ்வொரு துணைப்படத்துக்கும் தனி. எனவே மறைக்க வேண்டுமானால் குறிகளை அழிக்கக் கூடாது. ‘டிக்_பாராம்ஸ்’ கட்டளையில் ‘லேபிள்பாட்டம்’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ கொடுக்க வேண்டும். அது அந்த ஒரு துணைப்படத்தை மட்டும் தொடும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் இதைப் பயனர் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது நூலகத்தின் குறையே. ஒரு துணைப்படத்தின் பெயரைச் சொல்லி அழைக்கும் கட்டளை, எச்சரிக்கை எதுவும் இன்றி மற்றவற்றையும் மாற்றுவதை நல்ல வடிவமைப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மறைக்கும் வேலையின் தொல்லை வேறு வகையானது. 2 நிரை, 3 நிரல் என 6 இடங்களை ஒதுக்கி, 5 தரவுகளை மட்டும் வரைந்து, ஆறாவதை ‘செட்_விசிபிள்’ கொண்டு மறைத்துவிடுவது எல்லோரும் செய்வது. எக்ஸ் அச்சு பகிரப்பட்டிருந்தால் மூன்றாவது நிரலின் மேல் துணைப்படம் எண்களே இல்லாமல் அந்தரத்தில் நிற்கும். கீழ் நிரையில் இருப்பவைதான் எண்களைக் காட்டும் என்று படம் உருவானபோதே முடிவாகிவிட்டது. கீழே இருந்தது பின்னர் மறைக்கப்பட்டதை யாரும் அதற்குத் தெரிவிப்பதில்லை. அந்த மேல் துணைப்படத்துக்கு ‘டிக்_பாராம்ஸ்’ வழியாக ‘லேபிள்பாட்டம்’ ‘ட்ரூ’ என்று நாமே சொல்ல வேண்டும். அப்படித் திருப்பிக் கொண்டுவரும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மதிப்புகள் மிகப் பெரியவையாக இருந்தால், அச்சின் ஓரத்தில் பத்தின் அடுக்கைக் குறிக்கும் சிறு எழுத்து ஒன்று வரும். எண்களை மறைக்கும்போது அதுவும் சேர்ந்து மறைக்கப்படுகிறது. எண்கள் திரும்பி வந்து, அந்தக் குறிப்பு மட்டும் திரும்பாமல் போனால், படிப்பவர் பத்து லட்சத்தை வெறும் 1 என்று வாசித்துவிடுவார். படத்தைச் சேமிக்கும் முன் அது வந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் ‘கெட்_ஆஃப்செட்_டெக்ஸ்ட்’ வழியாக அதைத் தனியே காட்டச் செய்ய வேண்டும்.

வழியைப் பொறுத்து நடத்தையும் மாறுகிறது என்பது புதியவர்களைக் குழப்பும். ‘சப்பிளாட்ஸ்’ வழியாகப் பகிர்ந்தால் உட்புற எண்கள் மறைகின்றன. 2020-இல் வந்த 3.3 பதிப்பு முதல் கிடைக்கும் ‘ஷேர்எக்ஸ்’ என்ற செயல்முறையை அச்சின் மேல் நேரடியாக அழைத்தால் எல்லைகளும் குறிகளும் பிணைகின்றன, எண்கள் மறைவதில்லை. அப்போது ‘லேபிள்_அவுட்டர்’ என்று தனியே அழைக்க வேண்டும். இந்த ‘லேபிள்_அவுட்டர்’ அச்சின் பெயரையும் உட்புறத்தில் நீக்கிவிடும் என்பதால், பெயர்களை எழுதிய பிறகு, கடைசியில்தான் அழைக்க வேண்டும். முன்னால் அழைத்துவிட்டுப் பிறகு சுழற்சியில் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதினால், நீக்கியவை எல்லாம் மீண்டும் வந்து அமர்ந்துகொள்ளும். படம் முழுமைக்கும் ஒரே பெயர் போதுமென்றால் 3.4 பதிப்பு முதல் உள்ள ‘சப்எக்ஸ்லேபிள்’, ‘சப்ஒய்லேபிள்’ இரண்டும் இதைவிடத் தூய்மையான வழி.

என்னை மிகவும் கவர்ந்த, அதே அளவுக்குக் கவலைகொள்ளவும் வைத்த சிக்கல் அச்சைத் தலைகீழாக்குவதில் உள்ளது. கடலின் ஆழம் போன்றவற்றை வரையும்போது சுழியம் மேலேயும் பெரிய எண் கீழேயும் இருக்க வேண்டும். எனவே துணைப்படங்களின் மேல் சுழற்சி ஓட்டி ஒவ்வொன்றுக்கும் ‘இன்வர்ட்_ஒய்ஆக்ஸிஸ்’ என்று எழுதுவது இயல்பு. ஒய் அச்சு பகிரப்பட்டிருந்தால் ஒவ்வோர் அழைப்பும் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்புகிறது. ஏற்கெனவே தலைகீழாக இருந்தால் நேராக்கிவிடுகிறது. விளைவாக, துணைப்படங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் படம் சரியாக வரும். இரட்டைப்படையாக இருந்தால் அச்சு பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். மூன்று இடங்களுக்குச் சரியாக வேலை செய்த கணினி நிரல், நான்காவது இடத்தைச் சேர்த்ததும் ஆழத்தைக் கவிழ்த்துக் காட்டும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஒய் அச்சின் மேல் ‘செட்_இன்வர்டட்’ என்பதை ‘ட்ரூ’ என்று அழைத்தால் எத்தனை முறை அழைத்தாலும் விளைவு ஒன்றே. அல்லது சுழற்சிக்கு வெளியே ஒரே ஒரு துணைப்படத்துக்கு மட்டும் சொன்னால் போதும். பகிர்ந்த அச்சின் எல்லை, திசை, அளவு வகை ஆகியவற்றை எப்போதும் ஓரிடத்தில் மட்டும் அமைப்பது என்ற வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

பிம்பங்களை அருகருகே வைப்பவர்களுக்கும் இதே போன்ற பொறி ஒன்று இருக்கிறது. ‘இம்ஷோ’ ஒவ்வொரு முறையும் தான் காட்டும் பிம்பத்தின் அளவையே எல்லையாக வைக்கிறது. முதலில் 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட பிம்பத்தையும், அடுத்து 256-க்கு 256 கொண்டதையும் இரு அச்சுகளும் பகிர்ந்த துணைப்படங்களில் காட்டினால், கடைசியாக வந்ததன் எல்லை நிலைத்து, முதல் பிம்பத்தின் இடது மேல் கால்பகுதி மட்டும் தெரியும். இரண்டும் ஒரே பரப்பின் வெவ்வேறு நுணுக்கம் என்றால் பிம்பம் அச்சுகளில் பிடிக்கும் பரப்பைச் சொல்லும் ‘எக்ஸ்டென்ட்’ என்பதை இரண்டுக்கும் ஒன்றாகவே கொடுப்பதே முறை. தொடர்பற்ற பிம்பங்கள் என்றால் பகிராமல் விடுவதே முறை.

இரு அச்சுகளும் பகிரப்பட்ட நிலையில் ‘ஆக்ஸிஸ்’ கட்டளைக்கு ‘ஈக்குவல்’ என்று கொடுத்தால் நூலகம் மறுத்துவிடும். சம அளவைக் கொண்டுவர எல்லைகளை மாற்ற வேண்டும், எல்லைகளோ பொதுவானவை என்பதால் மறுப்பு நியாயமானதே. ஆனால் அந்தப் பிழை, கட்டளை எழுதிய வரியில் எழாமல் படம் தீட்டப்படும்போது எழுவதால், காரணத்தைத் தேட நேரம் பிடிக்கும். ‘செட்_ஆஸ்பெக்ட்’ கட்டளையில் ‘அட்ஜஸ்டபிள்’ என்பதை ‘பாக்ஸ்’ என்று வைத்தால் எல்லைகளுக்குப் பதில் சட்டத்தின் வடிவம் மாறி, வேலை முடியும்.

ஒரே சட்டத்துக்குள் இரண்டு ஒய் அச்சுகளைத் தரும் ‘ட்வின்எக்ஸ்’ பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. இரண்டு அளவுகளின் எல்லைகளை விருப்பம்போல் இழுத்து, இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்ட அது இடம் கொடுக்கிறது. இரண்டின் கட்டக்கோடுகளும் பொருந்துவதில்லை. ஒரே அளவை செல்சியஸிலும் ஃபாரன்ஹீட்டிலும் காட்டுவதுதான் நோக்கம் என்றால், 2019-இல் 3.1 பதிப்போடு வந்த ‘செகண்டரி_ஒய்ஆக்ஸிஸ்’ வசதிக்கு மாற்றச் சார்பையும் அதன் எதிர்ச்சார்பையும் கொடுத்துவிடுங்கள்; எல்லையை எப்படி மாற்றினாலும் இரு அளவுகோல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும்.

பகிர்தல் எதைச் செய்யாது என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும்: அலைவெண் செவ்வகப் படங்களில் (ஹிஸ்டோகிராம்) எக்ஸ் அச்சைப் பகிர்ந்தாலும் தரவைப் பிரிக்கும் இடைவெளிகள் பொதுவாகிவிடுவதில்லை; பொதுவான பிரிப்பு எல்லைகளை ‘பின்ஸ்’ வழியாக நாமே கொடுத்தால்தான் செவ்வகங்களின் உயரம் ஒப்பிடத் தகுந்ததாகும்.

மற்ற கருவிகளோடு ஒப்பிட்டால் மேட்பிளாட்லிப்பின் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வேகா-லைட் என்ற வரைபடக் கருவியில் ‘ரிசால்வ்’ என்ற பகுதிக்குள் அளவுகோலைப் பகிர்வதா, அச்சைப் பகிர்வதா என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 நூலகத்தில் எல்லைகள் பொதுவா தனியா என்பதை ‘ஸ்கேல்ஸ்’ தீர்மானிக்கிறது. உட்புறத்தில் அச்சும் எண்களும் வரையப்பட வேண்டுமா என்பதை, 2024-இல் வந்த 3.5.0 பதிப்பு முதல், வேறு இரண்டு விருப்பங்கள் தீர்மானிக்கின்றன. பிளாட்லி என்ற வரைபட நூலகத்தில், அச்சுகளைப் பிணைக்கும் ‘மேட்சஸ்’ என்பதை ‘நன்’ ஆக்கினால் வரைந்து முடித்த படத்திலும் பிணைப்பு கழன்றுவிடுகிறது.

இந்தக் கடைசி வசதிதான் மேட்பிளாட்லிப்பில் எனக்குப் பெரிய ஏக்கம். ஒருமுறை பகிர்ந்த அச்சைப் பிரிப்பதற்கு முறையான வழி இல்லை. முன்பு ‘கெட்_ஷேர்ட்_எக்ஸ்_ஆக்ஸஸ்’ திருப்பித் தரும் குழுவில் ‘ஜாயின்’, ‘ரிமூவ்’ என்று நேரடியாகச் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது. 2022-இல் 3.6 பதிப்பு அதை வழக்கொழிந்ததாக அறிவித்தது, 3.8 முதல் அந்தக் குழு பார்ப்பதற்கு மட்டுமே. பழைய கணினி நிரல்களில் ‘ஜாயின்’ இருந்த இடத்தில் ‘ஷேர்எக்ஸ்’ செயல்முறையை வைத்தால் போதும். ‘ரிமூவ்’ இருந்த இடத்தில் வைப்பதற்கு ஒன்றும் தரப்படவில்லை. நூலகத்தின் உள்ளே கைவிட்டுப் பிணைப்பைக் கழற்றுபவர்கள் உண்டு. குழுவிலிருந்து நீக்கிய பிறகும் லொக்கேட்டரும் ஃபார்மேட்டரும் பொதுவாகவே இருக்கும் என்பதாலும், உட்பகுதி எந்தப் பதிப்பிலும் மாறலாம் என்பதாலும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பிரிக்க வேண்டிய தேவை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், பகிராமலே தொடங்குவது நல்லது. அசையாப் படத்துக்கு, எல்லாத் தரவுகளின் சிறுமத்தையும் பெருமத்தையும் கண்டு ஒவ்வொன்றுக்கும் ‘செட்_எக்ஸ்லிம்’ கொடுத்தால் எல்லை பொதுவாகவும் குறிகள் தனித்தனியாகவும் அமையும். திரையில் நகர்த்திப் பார்க்கும் படத்துக்கு, ‘எக்ஸ்லிம்_சேஞ்ஜ்ட்’ நிகழ்வோடு ஒரு சிறு சார்பை இணைத்து, மாறிய எல்லையை மற்றத் துணைப்படங்களுக்கு அனுப்பலாம்; அனுப்பும்போது ‘எமிட்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் ஒன்றையொன்று அழைக்கும் சுழலில் சிக்காது, வேண்டாதபோது அந்த இணைப்பை ஒரே கட்டளையில் துண்டித்தும் விடலாம்.